சுஸ்தாலில் மாமாவின் ஆஸ்பத்திரி

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில், அம்மா என்னை ரஷ்யாவுக்கு அழைத்துப் போனார். இப்போது சொன்னாலும் யாரும் சட்டென்று நம்புவதில்லை. ஈப்போவில், சிலிபினில், எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் விடுமுறைக்குப் பினாங்கு போவார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் கேமரன் மலை ஏறி ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். அம்மா அதுவரை கோலாலம்பூரைத் தாண்டியதில்லை. காலையில் சந்தைக்குப் பக்கத்தில் கறிபாப் பொரித்து விற்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச். மற்ற நேரமெல்லாம் வீடு. அப்படிப்பட்டவர் விமானம் ஏறியதற்குக் காரணம் மாமா.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. நான் பிறந்த வருடம் மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்குப் போனவர். எனக்கு மூன்று வயதானபோது ஒரு தடவை வந்து போனாராம், எனக்கு நினைவில்லை. அதன் பிறகு வரவே இல்லை. படிப்பு முடிந்துவிட்டது, அங்கேயே ஒரு சின்ன ஊரில் டாக்டராக இருக்கிறேன், என்னை விட்டால் இங்கே ஆளில்லை என்று போனில் சொல்லுவார். அப்புறம் ஒருநாள், கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு ரஷ்யப் பெண்ணின் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்றை அம்மாவுக்கு அனுப்பினார். கல்யாணம் முடிந்துவிட்டதை நாங்கள் அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

தாத்தா செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு எங்களோடு வந்து தங்கிவிட்டார். மகன் டாக்டர் என்பதை அவர் சொல்லாத இடமில்லை. முடிவெட்டும் கடையில் சொல்வார். கிளினிக்கில் தனக்கு ஊசி போட வரும் டாக்டரிடமே சொல்வார். கல்யாணப் படத்தைப் பார்த்த அன்று மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ரொம்ப நாள் கழித்துத்தான் அம்மாவிடம், "ஒரு தடவ போய் அவன கண்ணால பாத்துட்டு வா" என்றார். ஒரு கால் விழுந்துவிட்டதால் அவரால் போக முடியாது. தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் அம்மாவும் நானும் கிளம்பினோம்.

மாஸ்கோவிலிருந்து ரயிலில் விளாதிமிர் என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து மாமாவின் பழைய காரில் சுஸ்தாலுக்குப் போனோம். வழி நெடுகப் புல்வெளி. எனக்கு அந்த வெறுமை பயமாக இருந்தது. ஈப்போவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுண்ணாம்புக் குன்று வந்து மறைத்துக்கொள்ளும். இங்கே வானம் தரை வரைக்கும் இறங்கியிருந்தது. கார் ஒரு மேட்டில் ஏறியதும் தூரத்தில் கோபுரங்கள் தெரிந்தன. எண்ண ஆரம்பித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணி, கடைசியில் விட்டுவிட்டேன். குன்றே இல்லாத ஊர்க்காரர்கள், அண்ணாந்து பார்க்க ஏதாவது வேண்டுமே என்று தாங்களே கட்டிக்கொண்டார்கள் போலிருந்தது.

அதைப்போல ஓர் ஊரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. மாடிக் கட்டடம் என்று ஒன்று கண்ணில் படவில்லை. மரவீடுகள், ஒவ்வொரு சன்னலைச் சுற்றியும் மரத்திலேயே லேஸ் பின்னியதுபோல் செதுக்கிப் பச்சையும் நீலமும் அடித்திருந்தார்கள். ஊர் நடுவே ஓர் ஆறு, எங்கள் கிந்தா ஆற்றில் பாதிகூட இருக்காது. அது வளைந்து வளைந்து, ஒரு சர்ச்சையும் விடாமல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் போனது. கோட்டைக்குள் இருந்த பெரிய சர்ச்சின் குவிமாடங்கள் கருநீலமாக இருந்தன. மேலே தங்க நட்சத்திரங்கள். கிறிஸ்மஸ் பரிசைச் சுற்றும் காகிதத்தை யாரோ பிரிக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். காற்றில் இலவம்பஞ்சு மாதிரி வெள்ளைப் பஞ்சு பறந்துகொண்டே இருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்தும் வெயில் போகவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. தூங்கு என்று சொல்ல அம்மாவுக்குக் காரணமே கிடைக்கவில்லை.

மாமாவின் மனைவியை நான் அத்தை என்று கூப்பிட வேண்டும் என்று விமானத்திலேயே அம்மா சொல்லிவிட்டார். உயரமாக, மெலிந்த கழுத்தோடு, சிரித்தால் முகம் முழுக்கச் சிவந்துபோகிறவர் அத்தை. அம்மாவுக்கு ரஷ்ய மொழி தெரியாது, அத்தைக்குத் தமிழ் தெரியாது. நடுவில் மாமா உட்கார்ந்து மொழிபெயர்த்தார்.

முதல் நாள் இரவு மேசையில் பீட்ரூட் சூப்பும் ஒரு கறுப்பு ரொட்டியும் இருந்தன. அம்மா ஒரு துண்டைக் கடித்தார். வெகுநேரம் மென்றார்.

"இத எவன்டா சுட்டான்? செங்கல்லு மாதிரி இருக்கு. மாவு வேற புளிச்சுப் போச்சு."

மாமா என்னவோ மாதிரி சிரித்தார். அத்தை ஆவலாக மாமாவைப் பார்த்தார். மாமா ரஷ்ய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். உடனே அத்தை எழுந்து வந்து அம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு, இன்னும் இரண்டு துண்டு வெட்டித் தட்டில் வைத்தார். அம்மா திகைத்துப்போய் அதையும் தின்றார்.

அப்படியே போனது. அத்தை நாலு வார்த்தை சொன்னால் மாமா தமிழில் நாற்பது சொல்வார். அத்தை மூச்சுவிடாமல் பேசினால், "சும்மா, வானிலைதான்" என்பார். வீட்டுக்கு மருமகளாக வந்தவள் மாமனாருக்கு ஒரு போன்கூடப் போடவில்லையே, ஏன் என்று அம்மா கேட்டார். மாமா அதை மொழிபெயர்த்ததும் அத்தை தோட்டத்துக்கு ஓடி, ஒரு கை நிறைய வெள்ளரிப் பிஞ்சு பறித்துவந்து கொடுத்தார். இது நல்ல பதில்தான் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் அம்மா, "உன் ஆஸ்பத்திரியக் காட்டுலா" என்றார். மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு எங்களை ஒரு மஞ்சள் கட்டடத்துக்கு அழைத்துப் போனார். சிறிய மருத்துவமனை. அங்கே மாமாவுக்குக் கிடைத்த வரவேற்பை நான் மறக்கவே மாட்டேன். வாசலில் இருந்த காவலாளி கட்டிப்பிடித்துக்கொண்டார். தாதிகள் சூழ்ந்துகொண்டு சிரித்தார்கள். வரிசையில் காத்திருந்த ஓர் அம்மாள் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, என்னவோ குறைப்பட்டுக்கொண்டார். "நான் லீவுல இருக்கேன்ல, அதான் கோவிச்சுக்கிறாங்க" என்று மாமா சொன்னார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. தன் கண்ணால் பார்த்துவிட்டார். அத்தை அங்கே தாதியாக வேலை செய்கிறவர். அன்று காலை பணியில் இருந்தார். வெள்ளை உடையில் வந்து எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, ஏன் எல்லாரும் இங்கே வந்திருக்கிறோம் என்று புரியாதவர்போல விழித்தார்.

எனக்கும் அத்தைக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு வரைக்கும் நான் படித்த ஆங்கிலமும், அவர் எப்போதோ படித்து மறந்த ஆங்கிலமும் ஒரே அளவாக இருந்தன. அவர்தான் என்னைச் செங்கல் மதிலுக்குள் இருக்கும் பெரிய மடாலயத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒருவர் மணிக்கூண்டில் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் ஒரு காலாலும் கயிறுகளை இழுத்து இழுத்து, பெரிதும் சிறிதுமான மணிகளை அடித்தார். எங்கள் சர்ச்சில் ஒரே ஒரு மணி, டாங் டாங் என்று கூப்பிடும், அவ்வளவுதான். இது மத்தளமும் சலங்கையும் சேர்ந்து ஓடிவருவதுபோல இருந்தது. அடித்து ஓய்ந்த பிறகும் காலடியில் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. அத்தை என் வாயை மெல்ல மூடிவிட்டார். பஞ்சு உள்ளே போய்விடுமாம்.

நாலாம் நாள் காலை மாமாவைக் காணோம். "அவசரமா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான்" என்று அம்மா பெருமையாகச் சொல்லிவிட்டுத் துணி துவைக்க உட்கார்ந்தார். அத்தை என்னைப் பார்த்து, மாமாவின் இடத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். நாங்கள் மஞ்சள் கட்டடத்தைத் தாண்டிப் போனோம். ஆற்றோரத்தில் ஒரு தாழ்ந்த வெள்ளை வீடு. வாசலில் மக்கள் பைகளோடு வரிசை பிடித்து நின்றார்கள், ஆஸ்பத்திரியில் மாமாவின் கையை விடாத அம்மாளும் அதில் இருந்தார். பின்கதவைத் திறந்ததும் சூடும் வாசனையும் முகத்தில் வந்து மோதின.

உள்ளே மாமா இருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, புருவமெல்லாம் மாவு. கையில் ஆளுயரத்துக்கு ஒரு மரத்துடுப்பு. அடுப்பு வாய்க்குள் அதை விட்டு இழுத்தால், கறுப்புக் கறுப்பாக ரொட்டிகள் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு வெளியே வந்தன. ஒவ்வொன்றையும் திருப்பி விரலால் தட்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். என்னைப் பார்த்ததும் துடுப்பு அப்படியே நின்றுவிட்டது.

"பாப்பா... அம்மாவும் வந்திருக்காங்களா?"

"இல்ல மாமா, துணி துவைக்கிறாங்க."

மாமா மூச்சுவிட்டார். ஒரு சின்ன ரொட்டியைப் பிட்டு, வெண்ணெய் தடவிக் கொடுத்தார். "அம்மாகிட்ட நானே சொல்றேன், சரியா?" என்றார். எனக்கு அதில் ரகசியம் எதுவும் தெரியவில்லை. டாக்டர் என்றால் ஊசி. அந்த வேலைக்கு நடுவிலும் என் மாமா ஓர் ஊருக்கே ரொட்டி சுடுகிறார், அதற்காக மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவரைப்போல ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருப்பதை நினைத்து எனக்குக் கர்வமாக இருந்தது. நானே சொல்கிறேன் என்றாரே, அதனால்தான் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் எல்லாருமாக நெர்ல் ஆற்றங்கரையில் இருக்கும் வெள்ளை சர்ச்சைப் பார்க்கப் போனோம். விளாதிமிருக்குப் பக்கம். காரை நிறுத்திவிட்டு, ரயில் பாதைக்கு மேலே பாலமேறி இறங்கினால் ஒரே புல்வெளி. அதன் நடுவே ஒற்றையடிக் கல்பாதை. தூரத்தில் அந்த சர்ச் தன்னந்தனியாக நின்றது. வீடில்லை, மதிலில்லை, கடையில்லை. எண்ணூறு வருடத்துக்கு மேலாக அப்படியே நிற்கிறதாம். பனி உருகும் காலத்தில் சுற்றிலும் வெள்ளம் ஏறிக்கொள்ளுமாம், இது மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்குமாம். கிட்டே போகப் போக அது பெரிதாகவில்லை. எங்கள் பள்ளி மண்டபத்தைவிடச் சிறியதுதான். ஆனாலும் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பக்கத்துக் குளத்தில் இன்னொரு சர்ச் தலைகீழாக, கொஞ்சமும் அசையாமல் இருந்தது.

அம்மா பஞ்சாபி சூட்டின் துப்பட்டாவை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே போய் மெழுகுவர்த்தி ஏற்றினார். வெளியே வந்து சுவரில் செதுக்கியிருந்த உருவங்களை எனக்குக் காட்டினார். "பாரு பாப்பா, தாவீது ராஜா. சிங்கமெல்லாம் உக்காந்து பாட்டு கேக்குது."

"ஆன்ட்டி, நீங்க மலேசியாவா?"

திரும்பினோம். தோளில் பையோடு ஓர் அக்கா. கண்கள் ஏற்கெனவே சிவந்திருந்தன. தைப்பிங்காம், இங்கே ஒரு பெரிய நகரத்தில் மருத்துவம் படிக்கிறாராம். கூட வந்த தோழிகள் ஆற்றங்கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தின் அந்த மூலையில் எங்கள் பேராக் மாநிலத்துப் பிள்ளை! பையைத் திறந்து ஈப்போவிலிருந்து கொண்டுவந்த முறுக்கைக் கொடுத்தார். அந்த அக்கா அதை வாயில் வைத்தவர், மெல்லாமலே அழ ஆரம்பித்தார்.

"ரெண்டாவது தடவயும் ஃபெயிலாயிட்டேன் ஆன்ட்டி. இனிமே வச்சுக்க மாட்டாங்க போல. வீட்டுல இன்னும் சொல்லல. அப்பா லாரி ஓட்டுறாரு, ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு..."

அம்மா அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். "அழாதமா. இதோ நிக்கிறான் பாரு, என் தம்பி. அவனும் உன்ன மாதிரி வந்து கஷ்டப்பட்டுத்தான் டாக்டரானான். எப்படிப் படிக்கணும்னு அவன்கிட்ட கேளு, சொல்லுவான்."

அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமா பக்கம் திரும்பினார். "நீங்க எந்த வருஷம் முடிச்சீங்க அண்ணே?"

மாமா புல்லைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். ஆனால் பேசியது அந்த அக்காவிடம்தான்.

"நான் முடிக்கலமா. மூணாவது வருஷத்தில என்னை காலேஜ்லேருந்து எடுத்துட்டாங்க. அடுத்த மாசம் வீட்டுல சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த மாசம் வந்துச்சு, அதுக்கடுத்த மாசம்னு விட்டேன். அப்படியே ஏழு வருஷம் ஓடிருச்சு. நான் இங்க ரொட்டி சுடுறேன். ஊருக்குப் போகவே முடியல, போனா யாரு மூஞ்சியப் பாக்குறது? நீ என்னை மாதிரி பண்ணாத. இன்னைக்கே கூப்பிட்டுச் சொல்லிரு."

அம்மா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தனியாக, சர்ச்சைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். செதுக்கிய உருவங்களை மறுபடி பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். மாமா ரொட்டி சுடுகிற செய்தி எனக்குப் பழசு; அதற்கு ஏன் எல்லாரும் ஊமையாகிவிட்டார்கள் என்றுதான் புரியவில்லை. பின்பக்கமாகப் போன அம்மா வெகுநேரம் வரவில்லை. வந்தபோது மூக்கு நுனி சிவந்திருந்தது.

"ஏன்டா, நான் கறிபாப் போடுறத யாருக்கு மறைச்சேன்?" என்றார். "அப்பா மரம் வெட்டுனத யாருக்கு மறைச்சாரு? ரொட்டி சுட்டா சொல்ல வேண்டியதுதானே? என்னை எதுக்கு அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் நிக்க வச்ச?"

"தப்புதாங்க்கா."

"என்கிட்ட சொல்லாத. ரெண்டு பேரும் போனை எடுங்க."

அந்த அக்கா பயந்துபோய்ப் போனை எடுத்துவிட்டார். மாமா எடுக்கவில்லை. புல்லில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்த அக்கா பேசினார். "அப்பா... நான் ஒண்ணு சொல்லணும்ப்பா" என்று ஆரம்பித்தது மட்டும் கேட்டது. அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல் பெரிதாகக் கத்தியது. பிறகு குறைந்தது. பிறகு ஒரு பெண்குரல். அந்த அக்கா அழுதுகொண்டே, சரிம்மா, சரிம்மா என்றார். முடித்துவிட்டு, மழையில் நனைந்து வீட்டுக்குள் வந்தவர்போல முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"உங்க முறை அண்ணே," என்றார்.

அத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டு குளக்கரையில் உட்கார்ந்திருந்தார். என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டார். மாமா ரொட்டி சுடுவதைத் தாத்தாவிடம் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அத்தை என் கையைப் பிடித்தார். தாத்தாவுக்கு இது தெரியாதா, இத்தனை வருடமும் தெரியாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உங்கள் வீட்டுக்கு இது தெரியும், அந்தக் கோபத்தில்தான் என்னோடு யாரும் பேசுவதில்லை என்றல்லவா நினைத்திருந்தேன் என்றார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கியது.

மாமா போனை எடுத்தார். "ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கணும்" என்றார் அம்மா.

அங்கே சாயங்காலம். தாத்தா சாய்வு நாற்காலியில் இருந்திருப்பார். எங்கள் வீட்டு மின்விசிறியின் டக்டக் சத்தம் அந்தப் புல்வெளியில் துல்லியமாகக் கேட்டது. மாமா சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, அந்த அக்காவிடம் சொன்னதையே சொன்னார். சொல்லி முடித்தும் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தாத்தா தூங்கிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமாடா, நீ டாக்டர் இல்லன்னு?"

"தெரியும்ப்பா. படிப்பு போனப்புறம்தான் பழக்கம். ரொட்டி வாங்க வரும்."

"தெரிஞ்சேதான் கட்டிக்கிச்சா?"

"ஆமாப்பா."

பிறகு தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"அது பேரு என்னடா?"

கல்யாணம் ஆகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும். அம்மா எத்தனையோ தடவை தாத்தாவிடம் சொல்லியிருக்கிறார். அப்போதெல்லாம் தாத்தா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைப்பார். இப்போது மாமா போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். பெயரைச் சொன்னார். குளக்கரையில் இருந்த அத்தை, அவ்வளவு தமிழுக்கு நடுவில் தன் பெயர் கேட்டதும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

தாத்தா அதைத் தப்பாகச் சொல்லிப் பார்த்தார். மாமா திருத்தினார். தாத்தா மெதுவாக, எழுத்துக் கூட்டுவதுபோல, மறுபடியும் சொன்னார். அம்மா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார், தோள்கள் குலுங்கின.

பாவம், தாத்தாவுக்கு மறதி வந்துவிட்டது, அதற்காகத்தான் அம்மா அழுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.